நின்றுபோன அதிர்வு உணரி: எந்த ஆய்வு மையத்துக்குப் போவது?

கேள்வி: பினாங்கு மாநிலத்தின் பிறை நகரில் சிறிய பட்டறை நடத்துகிறேன். மோட்டாரின் அதிர்வை அளக்கும் மின்சுற்றுப் பலகைகளைத் தயாரித்து விற்கிறோம். அண்மையில் சில பலகைகளில் உணரிச் சில்லு, எப்படி அசைத்தாலும் ஒரே அளவைக் காட்டுகிறது. ஆய்வு மையத்துக்குக் கொண்டுபோகலாமா? எங்களைப் போன்ற சிறியவர்களை அங்கே மதிப்பார்களா, ஐயா?

பதில்: தாராளமாகப் போகலாம். கட்டணம் கட்டிச் செய்துகொள்ளும் ஆய்வுதானே, தயங்க வேண்டாம். ஆனால் பக்கத்தில் இருக்கிறதே என்று பாயான் லெப்பாசிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் செடெக் மையத்துக்கு ஓடாதீர்கள். அதன் முதன்மைப் பணி சில்லு வடிவமைப்பு. உங்களுக்கு வேண்டியது பழுதாய்வு, அதாவது சில்லு ஏன் கெட்டது என்று கண்டறிவது. அதற்கு, 1985இல் தொடங்கப்பட்டு இப்போது கோலாலம்பூர் புக்கிட் ஜாலிலில் இயங்கும் மலேசிய அரசின் மின்னணு ஆய்வு நிறுவனமான மைமோஸை முதலில் கேளுங்கள்.

அதற்கும் முன் உங்கள் பட்டறையையே ஒருமுறை சுற்றி வாருங்கள். பற்றவைத்த பலகைகளை மீயொலித் தொட்டியில், அதாவது காதுக்குக் கேட்காத ஒலியலையால் அழுக்கை உதறும் தொட்டியில், கழுவுகிறீர்களா? என் சந்தேகம் அங்கேதான். இந்த உணரிக்குள் சிலிக்கானால் ஆன மிகச் சிறிய எடை ஒன்று, மெல்லிய விற்களில் தொங்குகிறது. பக்கத்துச் சுவருக்கும் அதற்கும் இடைவெளி சில மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மீயொலி அதிர்வில் விற்கள் முறியலாம். எடை சுவரில் ஒட்டிக்கொள்ளவும் செய்யலாம். ஒட்டிக்கொண்டால் நீங்கள் சொல்கிற அறிகுறிதான் தெரியும். பலகை மேசையிலிருந்து சிமெண்டுத் தரையில் விழுந்தாலும் இதே கதிதான். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் தரவுத்தாளிலோ பயன்பாட்டுக் குறிப்பிலோ இதை எச்சரித்திருப்பார்கள்; யார் படிக்கிறார்கள்!

காரணம் அதுவல்ல என்று உறுதியானால் மாதிரிகளை அனுப்புங்கள். கெட்ட சில்லைப் பலகையிலிருந்து கழற்றாதீர்கள், தட்டிப் பார்க்கவும் வேண்டாம். சூட்டிலோ தட்டலிலோ ஒட்டியிருந்த எடை விடுபட்டுவிட்டால் உணரி மறுபடி வேலை செய்யும், தடயம் அழிந்துபோகும். அதே தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்த, ஒழுங்காக வேலை செய்யும் பலகைகள் இரண்டையும் சேர்த்துவையுங்கள். ஒப்பிட நல்லது இல்லாமல் கெட்டதைப் பற்றி அதிகம் சொல்ல முடியாது. எல்லாம் நிலைமின் தடுப்புப் பையில் போகட்டும்.

"என்ன கோளாறு என்று பாருங்கள்" என்று மட்டும் எழுதினால் செலவு ஏறும். எந்தத் தொகுதி, எத்தனை பலகைகளில் எத்தனை பழுது, தயாரிப்பின் எந்தப் படிக்குப் பிறகு கண்டுபிடித்தீர்கள் என்பதைக் குறிப்பிடுங்கள். எக்ஸ்ரே போன்ற, பொருளைச் சிதைக்காத சோதனைகளை முதலில் கேளுங்கள். சில்லின் உறையைத் திறந்தபின் அது உங்களுக்கு உதவாது. எதைத் திறக்கலாம் என்று எழுத்தில் கொடுங்கள்; வாடிக்கையாளருக்குத் திருப்பித் தரவேண்டிய பலகையை அந்தப் பையில் போட்டுவிடாதீர்கள்.