27 கோல்தானா என்று கேட்கிறீர்கள்

கேள்வி: மான்செஸ்டர் யுனைடெட்டில் 7 சீசன், 205 ஆட்டம், வெறும் 27 கோல். இதை வைத்தா கொரியாவின் பார்க் ஜி-சுங்கை ஆசியாவின் தலைசிறந்த நடுக்கள வீரர்களில் ஒருவர் என்று சென்ற இதழில் எழுதினீர்கள்? கொரியாவில் ஜெர்சி விற்க வாங்கிய ஆள்தானே அவர்?

பதில்: கணக்கு சரி. ஆனால் அது கோல் அடிப்பதே வேலையான ஸ்ட்ரைக்கரை நிறுக்கும் தராசு. அதில் பார்க்கை ஏற்றினால் எடை குறைவாகத்தான் காட்டும்.

2010 மார்ச் 10, யுனைடெட்டின் சொந்த மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் இத்தாலியின் ஏ.சி. மிலானுடன் நடந்த ஆட்டம், ஐரோப்பிய கிளப்புகளின் உச்சப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கில். முழு வீடியோ கிடைத்தால், பந்தை விட்டுவிட்டு இந்த ஒருவரை மட்டும் 20 நிமிடம் கவனியுங்கள். அன்றைய மிலானின் ஆட்டம் ஆண்ட்ரியா பிர்லோ காலில்தான் தொடங்கும். தன் தற்காப்பு வரிசைக்கு முன்னால் நின்று பந்தை வாங்கி, ஒரு தொடலில் திரும்பி, தலையைத் தூக்கி நீளமாக அனுப்புவார். வழக்கமாக விங்கில், அதாவது பக்கவாட்டில் ஆடும் பார்க்கை யுனைடெட் மேனேஜர் ஃபெர்குசன் அன்று நடுவில், முன்கள வீரர் ரூனிக்குப் பின்னால் நிறுத்தினார். பிர்லோவைத் திரும்பவிடக் கூடாது, அதுதான் வேலை.

கேட்க எளிது, செய்வது கடினம். ஒட்டிக்கொண்டு நின்றால் போதாது. ஒட்டி நிற்பவரை பிர்லோ போன்றவர் இரண்டடி நகர்ந்து இழுத்துக்கொண்டு போவார், பின்னால் விட்ட ஓட்டையில் இன்னொருவர் பந்தை வாங்கிக்கொள்வார். செய்ய வேண்டியது வேறு. சென்டர்பேக்கிடம், அதாவது எதிரணியின் நடுத் தற்காப்பு வீரரிடம் பந்து இருக்கும்போது, அவருக்கும் பிர்லோவுக்கும் இடையிலுள்ள பாஸ் பாதையில் உங்கள் உடம்பு இருக்க வேண்டும். சென்டர்பேக்கை நெருக்கப் போனாலும் நேர்க்கோட்டில் ஓடக் கூடாது, வளைந்து ஓட வேண்டும். அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் பிர்லோ மறைந்தே இருப்பார். அதையும் மீறி பந்து அவரிடம் போய்விட்டால், அவர் முதல் தொடல் தொடும் அந்த நொடியிலேயே போய்ச் சேர வேண்டும். அரை நொடி தாமதமானால் அவர் திரும்பிவிடுவார். அவசரப்பட்டுக் காலை நீட்டினால் ஃபவுல், எதிரணிக்கு ஃப்ரீ கிக், அதை அடிக்கப் போவதும் பிர்லோவேதான்.

பின்னாலிருக்கும் நடுக்கள வீரர்கள் ஸ்கோல்ஸும் ஃப்ளெட்சரும் சேர்ந்து முன்னேறாவிட்டால் இது பலிக்காது. பார்க் மேலே போக, அவர்கள் கீழேயே நின்றால் நடுவில் 20 மீட்டர் வெற்றிடம் விழும். அன்று விழவில்லை. பின்னுக்கும் பக்கத்துக்கும் பாஸ் போடுவதைத் தவிர பிர்லோவுக்குப் பெரும்பாலும் வழியில்லாமல் போனது. யுனைடெட் 4-0 என்று ஜெயித்தது, இரண்டு ஆட்டமும் சேர்த்து 7-2. மூன்றாவது கோலை 59-வது நிமிடத்தில் அடித்ததும் பார்க்தான். உங்கள் 27-இல் அது ஒன்று. மீதி 89 நிமிடத்துக்கு உங்கள் கணக்கில் இடமே இல்லை.

இனி ஜெர்சி விஷயம். 2005-இல் யுனைடெட் அவருக்குக் கொடுத்தது சுமார் 40 லட்சம் பவுண்டு. அதற்கு இரண்டு மாதம் முன்பு, மே 4 அன்று, ஐந்தோவனில் நெதர்லாந்தின் பி.எஸ்.வி. அணிக்காக இதே மிலானுக்கு எதிராக சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் 9-வது நிமிடத்தில் கோல் அடித்திருந்தார். பி.எஸ்.வி. 3-1 என்று வென்றும், இரண்டு ஆட்டமும் சேர்த்து 3-3 என்று சமமானது; எதிரணி மைதானத்தில் அடித்த கோலுக்கு முன்னுரிமை தரும் விதியால் இறுதிக்குப் போக முடியவில்லை. அப்படிப்பட்ட ஆளை அந்த விலைக்கு வாங்கியது ஆட்டத்துக்காகத்தான். விளம்பரத்துக்கு வாங்கியவரை 2008 அரையிறுதியில் பார்சிலோனாவுக்கு எதிராக இரண்டு ஆட்டமும் முழுக்க ஆடவிடுவார்களா? 2009-இல் ரோம், 2011-இல் வெம்ப்ளி, இரண்டு இறுதியாட்டங்களிலும் முதல் பதினொருவரில் இறக்குவார்களா? சாம்பியன்ஸ் லீக் இறுதியில் ஆடிய முதல் ஆசியர் அவர். 2008 மாஸ்கோ இறுதியில் மாற்று வீரர்களோடு சேர்த்து 18 பேர் பட்டியலிலேயே அவர் பெயர் இல்லை. அது அநியாயம் என்பது என் உறுதியான கருத்து. ஜெர்சிதான் நோக்கம் என்றால் உலகமே பார்க்கும் அந்த இரவில்தான் அவரை முதலில் நிறுத்தியிருப்பார்கள்.

உங்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. கோல் அருகே அவருடைய கடைசித் தொடல் பல சமயம் சாதாரணமாகத்தான் இருந்தது. நல்ல இடத்துக்கு ஓடிப் போய்ச் சேர்ந்துவிட்டு, பந்தை வீணாக்கியதும் உண்டு. ஆனால் 205-ஐ 7-ஆல் வகுத்துப் பாருங்கள், சீசனுக்கு 30 கூட வராது. அதற்குக் காரணம் வலது முழங்கால்.

தட்டைப் பாதம், சிறிய உடம்பு. உயர்நிலைப் பள்ளி முடித்தபோது எந்தக் கொரியத் தொழில்முறை அணியும் எடுத்துக்கொள்ளவில்லை. மியோங்ஜி பல்கலைக்கழக அணியில் சேர்ந்தார், அங்கிருந்து 2000-இல் ஜப்பானின் கியோட்டோ அணி. அந்த ஆண்டே அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. அடுத்த ஆண்டு அந்தப் பிரிவை வென்று மேலே வந்தது. 2003 ஜனவரியில் பி.எஸ்.வி. போன சில மாதங்களில் முழங்கால் குருத்தெலும்பில் அறுவை சிகிச்சை. திரும்பி வந்து தடுமாறியபோது சொந்த மைதானத்து ரசிகர்களே கூச்சலிட்டார்கள். பயிற்சியாளர் ஹிடிங்க் அவரைச் சில காலம் வெளியூர் ஆட்டங்களில் மட்டும் இறக்கிக் காப்பாற்றினார். 2004-இல் அணியின் விங் வீரர் ராபன் செல்சிக்குப் போனதும் இடம் கிடைத்தது, அதை விடவில்லை.

2007 ஏப்ரலில் அமெரிக்காவில் மறுபடி அறுவை சிகிச்சை. டிசம்பர் கடைசியில்தான் களத்துக்கு வந்தார். முழங்கால் குருத்தெலும்பு தசையைப் போல வளர்ந்து ஆறிக்கொள்வதில்லை, தேய்ந்தது தேய்ந்ததுதான். ஒரு ஆட்டத்தில் பத்துப் பதினோரு கிலோமீட்டர் ஓடி, அதில் பாதி திடீரென நின்று திசை திரும்பும் ஓட்டமாக இருந்தால், முழங்காலில் நீர் கோத்து வீங்கும். அதோடு நாட்டு அணிக்காக சியோலுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் உட்கார வேண்டும், ஆடிவிட்டு அதே வழியில் திரும்பி, சனிக்கிழமை லீக் ஆட்டம். 2011 ஜனவரியில் ஆசியக் கோப்பை அரையிறுதியில் ஜப்பானிடம் பெனால்டியில் தோற்றது அவருடைய 100-வது சர்வதேச ஆட்டம். அதோடு நாட்டு அணியை விட்டார். அப்போது வயது 29. அவர் ஆட்டம் குறைந்திருக்கவில்லை, முழங்கால்தான் தாங்கவில்லை.

2012-இல் லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸுக்கு கேப்டனாகப் போனது பெரிய தவறு. மேலே சொன்ன வேலை, கூட இருக்கும் பத்துப் பேரும் ஒரே நேரத்தில் நகர்ந்தால்தான் பலன் தரும். அங்கே புதிதாக வாங்கிக் குவித்த ஆட்டக்காரர்கள் இருந்தார்கள், அணி என்று ஒன்று உருவாகவில்லை. சீசன் நடுவே மேனேஜர் மாறினார், கேப்டன் பொறுப்பும் கைமாறியது, கடைசி இடத்தில் முடிந்தார்கள். ஒருவர் மட்டும் ஓடினால் அது வெறும் ஓட்டம். பிறகு ஒரு வருடம் கடனாக பி.எஸ்.வி., 2014 மே மாதம் ஓய்வு. வயது 33.

கொரிய வீரரின் வாழ்க்கைக் கணக்கில் இன்னொரு வரி உண்டு, வெளியார் அதைப் பார்ப்பதில்லை. கட்டாய ராணுவ சேவை. 2002 உலகக் கோப்பையில் இஞ்சியோனில் போர்ச்சுகலுக்கு எதிராக அவர் அடித்த கோலை நினைவிருக்கிறதா? பெனால்டி பாக்ஸுக்குள் வந்த பந்தை மார்பில் நிறுத்தி, வலது காலால் எதிராளியின் தலைக்கு மேலே தட்டி மறுபக்கம் எடுத்து, தரையைத் தொடுமுன் இடது காலால் கோல்கீப்பர் கால்களுக்கு இடையே அடித்தார். 1-0. அந்த வெற்றியோடு கொரியா முதல்முறையாக அடுத்த சுற்றுக்குப் போனது. அதனால் அந்த அணிக்கே சேவையிலிருந்து விலக்கு கிடைத்தது. கிடைக்காமல் போயிருந்தால், ஐரோப்பாவில் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் இரண்டை சீருடையில் கழித்திருப்பார். அதன் பின் 2006-இல் பிரான்சுக்கும் 2010-இல் கிரீஸுக்கும் எதிராக அடித்து, மூன்று உலகக் கோப்பைகளில் தொடர்ந்து கோல் அடித்த முதல் ஆசியர் ஆனார்.

அவர் ஆட்டத்தை நேரில் பார்க்கத் தவறியிருந்தால், ஜெர்மன் லீக்கின் மைன்ஸ் அணிக்கு ஆடவந்த இன்னொரு கொரியர் இ ஜே-சுங்கின் ஆட்டங்களைத் தேடிப் பாருங்கள். 2014 ஆசிய விளையாட்டில், அதே இஞ்சியோனில், தங்கம் வாங்கி விலக்கு பெற்றவர் அவர். எதிரணி சென்டர்பேக்கிடம் பந்து போனதும் அவர் எந்தக் கோணத்தில் ஓடத் தொடங்குகிறார் என்று பாருங்கள். நேர்க்கோட்டில் ஓட மாட்டார்.