வாசகர் கேள்வி பதில்: செஞ்சட்டைப் பட்டாளத்தின் உடுப்பும் அதன் கதையும்

இம்முறை வந்த கடிதங்களில் ஐந்து, 19ஆம் நூற்றாண்டுப் படைவீரரின் சீருடையைப் பற்றியவை. அவற்றை ஒன்றாக வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கல்லடியிலிருந்து உயர்தர வகுப்பு மாணவி ஒருவர்: மட்டக்களப்புக் கோட்டையைப் பார்க்கப் போனபோது, 1804இல் ஆங்கிலேயர் படை இங்கிருந்து கண்டிக்கு நடந்து போனதாக எங்கள் ஆசிரியர் சொன்னார். இந்த வெயிலில் அவர்கள் எதை உடுத்திக்கொண்டு போனார்கள்?

உங்கள் ஆசிரியர் சொன்னது உண்மை. 1795இல் மட்டக்களப்பு ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு வந்தது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1804 செப்டெம்பரில், இங்கே கட்டளை அதிகாரியாக இருந்த கப்டன் ஆர்தர் ஜோன்ஸ்டன், ஏறத்தாழ 300 படைவீரரையும் சுமை தூக்குவதற்கென்று அவர்களிலும் கூடுதலான கூலியாட்களையும் கூட்டிக்கொண்டு கண்டியை நோக்கிப் புறப்பட்டார். பல திசைகளிலிருந்தும் படைகள் வந்து கண்டியில் சந்திப்பதென்று ஆளுநர் பிரெட்ரிக் நோர்த் வகுத்த திட்டம் கைவிடப்பட்டிருந்தது. அச்செய்தி தமக்கு வந்த கடிதத்தில் தெளிவாக இல்லாததால் ஜோன்ஸ்டன் தனியே கண்டியை அடைந்தார். வேறெந்தப் படையும் வரவில்லை என்பதைக் கண்டதும், வழி நெடுகிலும் சண்டையிட்டுக்கொண்டே திருகோணமலைக்குப் பின்வாங்கினார்.

அந்தப் படையில் ஒரே உடுப்பு இருக்கவில்லை. ஐரோப்பியர்கள் 19ஆம் படையணியைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய கம்பளிச் செஞ்சட்டையின் கழுத்துப்பட்டியும் கைமடிப்பும் பச்சை நிறத்தில் இருக்கும். ஒவ்வொரு படையணிக்கும் இந்த மடிப்பு நிறம் வேறுபடும் என்பதால், தூரத்திலிருந்து பார்க்கும் தளபதிக்கு எந்த அணி எங்கே நிற்கிறது என்பது அதைக்கொண்டே தெரியும். 18ஆம் நூற்றாண்டில் ஹவார்ட் என்னும் பெயருடைய இரு தளபதிகளின் அணிகளைப் பிரித்தறிய, இந்த அணியைப் 'பச்சை ஹவார்ட்' என்று அழைத்தார்கள். அந்தப் பெயரே பின்னாளில் அதற்கு நிலைத்தது. மார்பின் குறுக்கே இரண்டு வெள்ளைத் தோல்வார்கள் கிடக்கும். ஒன்று தோட்டாப் பையைத் தாங்கும், மற்றது துவக்கு முனைக் கத்தியைத் தாங்கும். அவற்றை வெள்ளையாக வைத்திருக்க, நாமக்கட்டியைப் போன்ற வெண்களியைக் குழைத்து அடிக்கடி பூசவேண்டும். ஏறத்தாழ 4.5 கிலோ எடையுள்ள துவக்கு தோளில் இருக்கும். கழுத்தைச் சுற்றி விறைப்பான கறுப்புத் தோல்பட்டை ஒன்று கட்டியிருக்கும். தலை நிமிர்ந்து நிற்பதற்காக அணிவிக்கப்பட்ட அது, குனிய விடாமல் தாடையை அறுக்கும். பின்னல்போலத் தொங்கும் குடுமியும் அப்போது கட்டாயம். 1808இல்தான் அது நீக்கப்பட்டது.

அவர்களோடு போன மலாய்ப் பட்டாளத்தார் ஐரோப்பிய முறைத் துவக்கோடு, தங்கள் மரபான கிரிஸ் என்னும் நெளிவுக் குத்துவாளையும் வைத்திருந்தார்கள். வங்காளச் சிப்பாய்களின் உடையோ இடுப்பளவில் இரண்டாகப் பிரியும்: மேலே ஆங்கிலேயச் செஞ்சட்டை, கீழே தொடையளவான வெள்ளைக் குட்டைக் காற்சட்டையும் செருப்பும். நடைக்கும் வெயிலுக்கும் எது ஏற்றது என்பதை, படுவான்கரையின் உட்பகுதிகளில் கச்சான் காற்றுக் காலத்தில் நடந்து பழகிய எவரும் சொல்வார்கள். இறுக்கமான கம்பளியை இந்த மண்ணில் அணியச் செய்தது கொடுமை என்றே நான் கருதுகிறேன். காய்ச்சலும் களைப்பும் அக்காலப் படைகளில் எதிரியின் குண்டைக் காட்டிலும் அதிகம் பேரைச் சாய்த்தன. மரங்களுக்கும் பாறைகளுக்கும் பின்னாலிருந்து சுட்ட கண்டிப் படையினருக்குக் காட்டின் பச்சைக்கு நடுவே சிவப்புச் சட்டை எப்படித் தெரிந்திருக்கும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

மருதமுனையிலிருந்து நெசவாளர் ஒருவர்: நான் 40 வருடமாகச் சாயம் போட்டு நூல் காய்ச்சுகிறவன். அந்தச் சிவப்பை எதைக்கொண்டு ஏற்றினார்கள்? இரத்தம் தெரியாமல் இருக்கத்தான் சிவப்பு என்று சொல்வது சரியா?

இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன்: சரியன்று. சிவப்புக் கம்பளியில் இரத்தம் காய்ந்தால் கறுத்த திட்டாக நன்றாகவே தெரியும். அதோடு அவர்கள் அணிந்த வார்களும் காற்சட்டையும் வெள்ளை. 1645இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் தன் புதிய படைக்கு உடுப்புத் தைத்தபோது, மலிவாகவும் நிறையவும் கிடைத்த சாயம் சிவப்பு என்பதே முக்கிய காரணம். அதன்பின் வழக்கமாகி, வழக்கம் பெருமையாக மாறியது. இன்னொரு பயனும் இருந்தது. கரிமருந்துத் துவக்குகள் இரண்டு மூன்று முறை சுட்டதுமே போர்க்களத்தைப் புகை மூடிவிடும். அந்தப் புகைக்குள் தன்னவர் யார் என்று கண்டுபிடிக்க அடர்ந்த நிறம் உதவியது.

சாதாரணப் படைவீரரின் சட்டைக்கு, நமது மஞ்சிட்டியின் ஐரோப்பிய உறவான ஒரு செடியின் வேரிலிருந்து சாயம் எடுத்தார்கள். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் ஒல்லாந்தர் காலத்தில் தோண்டுவித்த சாயவேரும் அதே தாவரக் குடும்பம்தான். அலிசரின் என்னும் அதே நிறப்பொருள்தான் இவற்றிலும் உள்ளது. படிகாரத்தில் ஊறவைத்த பிறகு சாயத்தில் இட்டால் நிறம் பிடிக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தச் சிவப்பு சற்றுச் செங்கல் நிறம் கலந்தது; வெயிலிலும் மழையிலும் மங்கிப் பழுப்பாகும். அதிகாரிகளின் சட்டையோ கள்ளிச்செடியில் வாழும் கொச்சினீல் என்னும் பூச்சியைக் காயவைத்து அரைத்து, வெள்ளீய உப்புச் சேர்த்து ஏற்றிய பளீரென்ற செந்நிறம். அந்தப் பூச்சி மெக்சிக்கோவிலிருந்து வந்ததால் விலை அதிகம்; அதிகாரிகள் தங்கள் உடுப்பைத் தாமே வாங்கவும் வேண்டும். ஆகவே ஓர் அணி வரிசையில் நின்றால், தோள்பட்டைச் சரிகையைப் பார்க்கும் முன்பே, சாயத்தைக்கொண்டே தரத்தை அறியலாம். ஒரே நிறத்தின் இரண்டு சாயல்களில் ஏழையும் செல்வந்தனும் பிரிந்து நின்ற இந்தச் செய்தி ஒரு நெசவாளருக்கு மற்ற எவரைவிடவும் ஆழமாகப் புரியும்.

பிரான்சுக்காரரின் கதை இதைவிடத் துயரமானது. 1829இல் தங்கள் நாட்டு வேர்ச்சாயப் பயிர்ச்செய்கையாளருக்குக் கைகொடுப்பதற்காகவும் காலாட்படைக்குச் சிவப்புக் காற்சட்டை கொடுத்தார்கள். 1868இல் ஜேர்மானிய வேதியியலாளர்கள் கிரேபேயும் லீபர்மனும் அலிசரினை ஆய்வுகூடத்தில் செய்துகாட்டினார்கள். சில ஆண்டுகளில் வேர்ச்சாய வயல்கள் அழிந்தன. காற்சட்டை மட்டும் சிவப்பாகவே இருந்தது, சாயம் ஜேர்மனியிலிருந்து வந்தது. 1914இல் அதே ஜேர்மனியின் இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிரே அந்தக் காற்சட்டையோடுதான் பிரெஞ்சு இளைஞர்கள் நின்றார்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து ஓர் ஆசிரியர்: 1806 வேலூர்க் கிளர்ச்சிக்குத் தலைப்பாகைதான் காரணம் என்று படிப்பிக்கிறோம். ஒரு தலைப்பாகைக்காக மனிதர் உயிரை விடுவார்களா?

அது வெறும் துணியாக அவர்களுக்குத் தெரியவில்லை. சென்னைப் படையின் தலைமைத் தளபதி சேர் ஜோன் கிரடொக்கின் காலத்தில் வந்த கட்டளைகள், சிப்பாய்கள் நெற்றியில் சமயக்குறி இடக்கூடாது, காதில் கடுக்கன் அணியக்கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோலாலான பதக்கம் பொருத்திய புதிய தலைப்பாகையை அணிய வேண்டும் என்று விதித்தன. ஐரோப்பியரைத் தொப்பிக்காரர் என்று அழைத்த காலம் அது. புதிய தலைப்பாகை அந்தத் தொப்பியையே ஒத்திருந்தது. எந்த விலங்கின் தோல் என்ற ஐயம் இந்துக்களையும் முஸ்லிம்களையும் ஒருசேரத் தைத்தது. அணிய மறுத்தவர்களுக்குச் சவுக்கடி கிடைத்தது. 1806 ஜூலை 10ஆம் திகதி விடியும் முன் சிப்பாய்கள் கோட்டையைக் கைப்பற்றி, 69ஆம் படையணியைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஐரோப்பியரைக் கொன்றார்கள். ஆற்காட்டிலிருந்து கர்னல் கில்லெஸ்பியின் குதிரைப்படை அன்றைக்கே வந்து அதைவிடக் கொடூரமாக ஒடுக்கியது.

திப்பு சுல்தானின் பிள்ளைகள் அந்தக் கோட்டையில் காவலில் இருந்ததையும், அவருடைய கொடி ஏற்றப்பட்டதையும், சம்பளக் குறையையும் சேர்த்தே படிப்பியுங்கள். ஆனால் தலைப்பாகையை அற்பக் காரணமென்று ஒதுக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒருவரின் உடலில் அவரது ஊரும் சமயமும் எழுதப்பட்டிருந்த இடங்களான நெற்றி, காது, தாடி, தலை ஆகிய நான்கிலும் அந்தக் கட்டளை ஒரேயடியாகக் கைவைத்தது. கட்டளை திரும்பப் பெறப்பட்டது. கிரடொக்கும் ஆளுநர் வில்லியம் பென்டிங்கும் 1807இல் மீள அழைக்கப்பட்டார்கள்.

திருக்கோவிலிலிருந்து ஒரு வாசகர்: காக்கி எப்போது வந்தது?

'காக்' என்றால் பாரசீகத்தில் மண், புழுதி. 1846இல் பெஷாவரில் ஹரி லம்ஸ்டன் திரட்டிய வழிகாட்டிப் படையினர்தான் மண்ணிற உடையை முதலில் அணிந்தார்கள். 1857 கிளர்ச்சியின்போது வேறு அணிகளும் தங்கள் வெள்ளை உடுப்பைத் தேயிலைச் சாயத்திலும் கைக்குக் கிடைத்த மற்றச் சாயங்களிலும் தோய்த்து மங்கவைத்தன. துவைத்தால் போகாத காக்கிச் சாயத்துக்கு 1884இல் காட்டி என்பவர் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். 1880களில் புகையில்லா வெடிமருந்து வந்ததும், தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடும் துவக்குகள் பெருகியதும், சிவப்பின் பயன் முடிந்தது. 1885 டிசம்பரில் சூடானில் கின்னிஸ் என்னுமிடத்தில் நடந்த சண்டையே ஆங்கிலேயர் செஞ்சட்டையோடு போரிட்ட கடைசிச் சண்டையாகக் கருதப்படுகிறது. நமது தீவில் மலாயர் பெருமளவில் பணியாற்றிய இலங்கை ரைபிள் படையணி, அதற்கு வெகுகாலம் முன்பே கரும்பச்சை உடுப்பில் இருந்தது. 1873இல் அது கலைக்கப்பட்டது.

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு விவசாயி: வயல் உழும்போது முடியும் இலக்கமும் பொறித்த பொத்தான் ஒன்று கிடைத்தது. பட்டாளத்தாருடையதா? எப்படி அறிவது?

இலக்கம் இருக்கிறதென்றால் பெரும்பாலும் அப்படித்தான். ஆங்கிலேயப் படையணிகள் தம் இலக்கத்தைப் பொத்தானில் பொறித்தது 1760களின் பிற்பகுதியிலிருந்து 1871 வரை. அதன்பின் சாதாரண வீரருக்குப் பொதுவான அரச முத்திரைப் பொத்தான் வந்தது. உலோகத்தையும் பாருங்கள். 1855 வரை சாதாரண வீரரின் பொத்தான் வெள்ளீயக் கலவை, அதற்குப் பின் பித்தளை. சாம்பல் நிறத்தில் மென்மையாக இருந்து, இலக்கம் 19 என்றும் இருந்தால், 1796 முதல் 1820 வரை இத்தீவில் நின்ற பச்சை மடிப்புக்காரர் ஒருவரின் சட்டையிலிருந்து விழுந்ததாக இருக்கலாம். புளி போட்டு மினுக்கவேண்டாம், எழுத்து அழிந்துவிடும். மண்ணை மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டு, எந்த வயலில் எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்பதை எழுதிவைத்து, தொல்லியல் திணைக்கள அலுவலகத்தில் காட்டுங்கள்.