வேபேக் மெஷினில் கிடைத்த பழைய அரசுப் பக்கத்தை ஆய்வேட்டில் ஆதாரமாகக் காட்டலாமா?

காட்டலாம். வேபேக் மெஷின் என்பது இணையப் பக்கங்களின் பழைய பதிவுகளைச் சேர்த்து வைக்கும் இணையக் காப்பகம். நெறியாளர் தயங்கியிருப்பார், அதனால் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நீதிமன்றத்தில் செல்லுமா என்று யாராவது கிளம்புவார்கள். அது வேறு விஷயம், நான் ஆய்வேட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

திறந்த பக்கம் முழுவதும் ஒரே நாளில் பதிவானது என்று நம்பிவிடாதீர்கள். எழுத்து 2004இல் பதிவாகியிருக்கும், உள்ளே இருக்கும் படம் 2006இல் பதிவாகியிருக்கும். மேல்பட்டையில் 'அபவுட் திஸ் கேப்சர்' என்பதைச் சொடுக்கினால் ஒவ்வொரு கோப்பும் எவ்வளவு முன்பின்னாகப் பதிவானது என்று காட்டும். புள்ளிவிவர அட்டவணை படமாக இருந்தால், இதைப் பார்க்காமல் ஓர் எண்ணைக்கூட எடுக்கக் கூடாது.

முகவரியில் வரும் 14 இலக்கங்கள் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி. உலகப் பொது நேரம் அது. ஐந்தரை மணி நேரம் கூட்டுங்கள். 20060430200000 என்றால் இந்தியாவில் மே 1, அதிகாலை 1.30. அதுவும் பதிவான நேரம்தான், வெளியிட்ட தேதி அல்ல. முந்தைய பதிவில் இல்லாத வரி அடுத்ததில் இருந்தால், 'இவ்விரு தேதிகளுக்கு இடையே சேர்க்கப்பட்டது' என்று மட்டும் எழுதுங்கள். ஈராக் போர் பற்றி புஷ் 2003 மே 1 அன்று ஆற்றிய உரைக்கு, போர் நடவடிக்கைகள் முடிந்தன என்றுதான் வெள்ளை மாளிகைத் தளம் முதலில் தலைப்பிட்டது. 'முக்கிய' என்ற சொல் பின்னால் நுழைந்தது. பழைய பதிவுகளை ஒப்பிட்டால்தான் இது தெரியும்.

ஒரு அரசுத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு தேடுகிறீர்கள் என்றால், துறையின் பழைய முகவரியின் கடைசியில் நட்சத்திரக் குறி போட்டுத் தேடுங்கள். அதன்கீழ் பதிவான கோப்புகள் வரிசையாக வரும். வடிகட்டும் பெட்டியில் 'பிடிஎஃப்' என்பதை ஆங்கிலத்தில் அடியுங்கள். தளத்தைப் புதுப்பிக்கிறேன் என்று பழைய முகவரிகளை ஒட்டுமொத்தமாக அறுத்துவிடும் வழக்கம் எனக்கு ஆறவே இல்லை. பத்தாண்டு ஆவணத்துக்கு பழைய முகவரியிலிருந்து புதியதற்கு அனுப்பும் ஒரு திசைமாற்று வரி போதுமே!

2010க்கு முந்தைய தமிழ்ப் பக்கம் குப்பையாகத் தெரிந்தால் கோப்பு கெட்டுவிடவில்லை. யூனிகோடுக்கு முன் தமிழ் எழுத்துகளைக் கணினியில் பதிய 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற டாப், டாம் குறியீடுகளாக இருக்கலாம். ஆங்கிலச் சொற்கள் ஒழுங்காக இருந்து தமிழ் மட்டும் சிதைந்தால் முதலில் டாப் என்று வைத்து என்எச்எம் கன்வர்ட்டர் என்ற குறியீடு மாற்றும் மென்பொருளில் யூனிகோடுக்கு மாற்றிப் பாருங்கள். இக்குறியீடுகளில் அமைந்த பிடிஎஃபில் கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தாலும் நகலெடுத்தால் இதே சிதைவு வரும். அதனால்தான் உள்ளே தமிழில் தேடினால் ஒன்றும் அகப்படாது.

அடிக்குறிப்பில் மூல முகவரி, 14 இலக்க முத்திரை, நீங்கள் பார்த்த நாள் மூன்றும் வேண்டும். கோப்பையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். காப்பகத்திலிருந்தும் பக்கங்கள் விலக்கப்படுவதுண்டு.