நிறுவனக் குறியீட்டைத் திறந்த தரநிலையில் கட்டாயமாக்கலாமா?

கேள்வி: தொலைபேசி நிலையங்களில் உள்ள கருவிகளைக் கண்காணிக்க ஒரு நெறிமுறையை, இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்புக்கான வரைவாக எழுதுகிறோம். கருவி எந்த நிலையத்தில் இருக்கிறது என்று சொல்ல, அமெரிக்காவில் புழங்கும் சிஎல்எல்ஐ குறியீட்டையே கட்டாய ஃபீல்டாக வைக்கலாமா?

பதில்: அந்தக் குறியீட்டுக்கு இடம் கொடுங்கள், ஆனால் கட்டாயமாக்காதீர்கள்.

சிஎல்எல்ஐ மொத்தம் 11 எழுத்து. ‘என்ஒய்சிஎம்என்ஒய்’ (NYCMNY) என்று தொடங்கினால், முதல் நான்கு எழுத்து நியூயார்க்கின் மன்ஹாட்டன், அடுத்த இரண்டு மாநிலம். அப்புறம் கட்டடத்துக்கு இரண்டு, உள்ளே இருக்கும் கருவிக்கு மூன்று. பார்த்தால் நாமே உருவாக்கிவிடலாம் போலிருக்கும். முடியாது. எந்தக் கட்டடத்துக்கு எந்த எழுத்து என்ற பட்டியல், பெல்கோர், டெல்கார்டியா என்று பெயர் மாறிவந்த ஐகனெக்டிவ் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. உரிமம் பெற்றவர்களுக்குத்தான் அது கிடைக்கும். உங்கள் வரைவைப் படித்து ஒரு கல்லூரி மாணவி நிரல் எழுத உட்கார்ந்தால், அந்த ஃபீல்டில் எதைப் போடுவாள்? வந்த குறியீடு சரியா என்று எதை வைத்துப் பார்ப்பாள்? படிக்க இலவசம், செய்துபார்க்கக் காசு என்றால் அதைத் திறந்த தரநிலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்தச் சிக்கலை முன்பே சந்தித்தவர்கள் இருக்கிறார்கள். அழைப்பவரின் எண் உண்மையா என்று உறுதிசெய்யும் சான்றிதழுக்காக 2018இல் வந்த ஆர்எஃப்சி 8226 என்ற ஐஇடிஎஃப் ஆவணத்தைப் பாருங்கள். சேவை நிறுவனத்தின் குறியீட்டுக்கு அதில் இடம் உண்டு. வட அமெரிக்காவில் அது, தொலைபேசி நிறுவனங்களை அடையாளம் காட்டும் ஓசிஎன் போன்றதாக இருக்கலாம் என்று உதாரணம் சொல்கிறார்கள், அவ்வளவுதான். ஃபீல்டு வெறும் எழுத்துச்சரம். 2013இல் வந்த ஆர்எஃப்சி 6923 இன்னொரு பாடம். ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூவின் முறையில் நிறுவனங்களுக்குத் தரப்படும் ஐசிசி குறியீடு, தனியாக நின்றால் உலகம் முழுவதற்கும் ஒன்றே என்று சொல்ல முடியாது. அதனால் முன்னால் இரண்டெழுத்து நாட்டுக் குறியீட்டைச் சேர்த்தார்கள்.

நீங்களும் இரண்டு ஃபீல்டு வையுங்கள்: குறியீடு எந்த முறையைச் சேர்ந்தது என்பதற்கு ஒன்று, குறியீட்டுக்கு ஒன்று. முறைகளின் பெயர்களுக்கு, இணைய நெறிமுறைகளின் பதிவேடுகளைப் பராமரிக்கும் ஐயானாவிடம் ஒரு பதிவேடு கேளுங்கள். சிஎல்எல்ஐ அதில் ஒரு வரியாக இருக்கட்டும். பக்கத்திலேயே ஐ.நா.வின் யுஎன்/லோகோட் வரட்டும். அது எவருக்கும் இலவசம், சென்னைக்கு ‘ஐஎன்எம்ஏஏ’. ஆனால் ஊர்வரைதான் சொல்லும், கட்டடம் தெரியாது. அதற்கு, நிறுவனம் தானே வைத்துக்கொள்ளும் பெயரையும் ஒரு முறையாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றை வரைவில் அழுத்தமாகவே எழுதுங்கள்: குறியீட்டை வாங்குகிற மென்பொருள் அதை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடலாம், பிரித்துப் பொருள் தேடக் கூடாது. பிரிக்க ஆரம்பித்தால் அந்தப் பட்டியல் மறுபடி தேவைப்படும்.

சரி, உதாரணங்கள்? உண்மையான கட்டடக் குறியீடுகளை நகலெடுக்காமல் கற்பனைச் சரங்களையே போடுங்கள். உங்கள் நெறிமுறையைத் தொடும் காப்புரிமை உங்களிடமோ உங்கள் நிறுவனத்திடமோ இருந்தால், ஆர்எஃப்சி 8179 சொல்கிறபடி அதை வெளிப்படுத்தியாக வேண்டும். பட்டியலின் உரிமம் வேறு விஷயம், அதை வழக்கறிஞரிடம் கேளுங்கள்.