22 காரட் விலையில் 24 காரட் காசைக் கொடுக்காதீர்கள்

வங்கியில் வாங்கிய 10 கிராம் 999 தங்கக் காசை (99.9 சதவீதம் தூய தங்கம், அதாவது 24 காரட்) விற்கப் போனபோது, கடைக்காரர் 22 காரட் விலை போட்டு அதிலும் 4 சதவீதம் கழித்துத் தருவதாகச் சொன்னார், நியாயமா என்று கேட்டிருந்தீர்கள். நியாயம் இல்லைங்க. 22 காரட் என்பது 91.6 சதவீதத் தங்கம். அந்த விலையை ஒத்துக்கொண்டாலே எட்டு சதவீதத்துக்கு மேல் போய்விடும். அப்புறம் இந்த 4 சதவீதமும் சேர்ந்தால் ஏறக்குறைய 12 சதவீதம் நஷ்டம்.

கிளம்பும் முன் அன்றைய 22 காரட் கிராம் விலையை 0.916-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். வருவதுதான் 24 காரட் விலை. நான்கு கடைகளில், "24 காரட் விலையில் எத்தனை சதவீதம் கழிப்பீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். உருக்கிப் பார்க்க வேண்டும் என்றால் வேண்டாம். உருக்காமலே தூய்மையைக் காட்டும் காரட் மீட்டர் கருவியில் உங்கள் கண்ணெதிரே பார்க்கச் சொல்லுங்கள். விலை படியும்வரை சீல் வைத்த அட்டையைப் பிரிக்க விடாதீர்கள், பில்லையும் எடுத்துப் போங்கள். 2 சதவீதம் வரை கழித்தால் நானாக இருந்தால் கொடுத்துவிடுவேன்.

வாங்கும்போது கட்டிய 3 சதவீத ஜிஎஸ்டி திரும்ப வராது, அதைக் கேட்டுப் பேரம் பேசிப் பயனில்லை. வங்கியும் திரும்ப வாங்காது, ரிசர்வ் வங்கி விதி அப்படி.

"நகையாக எடுத்தால் முழு விலை" என்பார்கள். செய்கூலி, சேதாரம் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள்!