ஜீப்போடு வந்த தகரப்பெட்டி

பழைய ராணுவ ஜீப் வாங்கிய ஒருவருக்குப் போன மாதம் பதில் எழுதினாலும் எழுதினேன், டெல்லித் தமிழர்களில் பாதிப் பேர் வீட்டில் கிடக்கிற துருப்பிடித்த இரும்பையெல்லாம் படம் எடுத்து அனுப்பிவிட்டார்கள். முடிந்தவற்றுக்கு இங்கே பதில்.

கே: மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் உலகப் போர் கால ஜீப் ஒன்றை விலை பேசியிருக்கிறேன். கூடவே ஒரு தகரப்பெட்டி நிறைய ஸ்பேனர், நட்டு, போல்ட். பலவற்றில் ‘எஃப்’ என்று இருக்கிறது. “ஃபோர்டு ஜீப், பெட்டிக்குத் தனியாக 35,000” என்கிறார் கடைக்காரர். (ஜனக்புரி)

ப: ‘எஃப்’ ஃபோர்டின் முத்திரைதான். அந்தக் காலத்தில் போல்ட் தலையில்கூடப் போட்டார்கள். ஆனால் அது அந்த போல்ட்டின் ஜாதகம். வண்டியின் ஜாதகம் வேறு. வில்லிஸ், ஃபோர்டு என்ற இரண்டு அமெரிக்கக் கம்பெனிகளும் ஒரே ஜீப்பைத்தான் செய்தன, ஒன்றின் பாகம் மற்றதில் பொருந்தும்படி. 80 வருஷத்தில் எத்தனை மெக்கானிக் கைபட்டிருக்கும்? வண்டிக்கு முன்னால் குனிந்து, ரேடியேட்டருக்குக் கீழே சேசிஸின் (வண்டியின் அடிச்சட்டம்) இரு பக்கத்தையும் இணைக்கிற குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள். உருண்டைக் குழாய் என்றால் வில்லிஸ். கவிழ்த்த தொட்டி போல இருந்தால் ஃபோர்டு. பெட்டிக்குக் கபாடி விலைக்கு, அதாவது பழைய இரும்பு விலைக்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

கே: பெட்டியில் இருந்த ஸ்பேனரில் ‘1/4 டபிள்யூ’, ‘5/16 பி.எஸ்.’ என்று இருக்கிறது. ஆனால் வாய் அரை அங்குலத்துக்கு மேல் அகலம். டூப்ளிகேட்டா? (மயூர் விஹார்)

ப: அசல்தான், ஆனால் உங்கள் ஜீப்புக்கு உதவாது. அது பிரிட்டிஷ் விட்வொர்த் அளவு. அதில் எழுதியிருப்பது போல்ட் தண்டின் கனம். அமெரிக்க ஸ்பேனரில் எழுதியிருப்பது வாயின் அகலம். இது தெரியாமல் நானும் ஒரு முழு செட் வாங்கி, என் நண்பரின் ஜீப்பில் நாலு போல்ட் தலையை மழுக்கிக் கொடுத்தேன். இன்றுவரை அவர் அதைச் சொல்லிக் காட்டுகிறார். ஜபல்பூரில் செய்த ஜோங்கா என்ற ராணுவ வண்டி வைத்திருப்பவர்களுக்கு இரண்டுமே வேண்டாம். அது நிஸான் வடிவமைப்பு, மில்லிமீட்டர் கணக்கு.

கே: போர்க்கால ஜீப். இடது சக்கர நட்டைக் கழற்ற மெக்கானிக் குழாய் மாட்டி மிதித்தார். நட்டு ஏறுகிற ஸ்டட் முறிந்துவிட்டது. ஸ்டட் மட்டமான சரக்கு என்று விற்றவரைக் கேட்கலாமா? (ரோகிணி)

ப: கேட்க முடியாது. அந்த ஜீப்பில் இடப்பக்கச் சக்கரத்துக்கு இடது மறை, வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பித்தான் கழற்ற வேண்டும். நீங்கள் கழற்றவில்லை, முறுக்கியிருக்கிறீர்கள். வாங்கும் முன் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீங்கள் அனுப்பிய படத்தில் வேறொன்று தெரிகிறது, அதுதான் கவலை: நடுவில் ஐந்து நட்டு, வெளிவட்டத்தில் எட்டு. அந்த எட்டும் ரிம்மின் இரண்டு பாதிகளைச் சேர்த்துப் பிடித்திருப்பவை. டயரில் காற்று இருக்கும்போது அவற்றில் கை வைத்தால் ரிம் பிளந்து ஆளை அடிக்கும். அந்த மெக்கானிக்கிடம் இன்றே சொல்லுங்கள்.

கே: அப்பா ராணுவத்தில் ஈ.எம்.இ.யில், அதாவது வண்டிகளையும் கருவிகளையும் பழுது பார்க்கிற பிரிவில் இருந்தவர். அவருடைய 75-ஆவது பிறந்தநாளுக்கு ‘ஒரிஜினல் ஜீப் டூல் செட்’ என்று ஆன்லைனில் ஒருவரிடம் 22,000 கொடுத்து வாங்கினேன். அப்பா ஒரு ஸ்பேனரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அம்பு முத்திரை புதுசும்மா” என்று சொல்லிக் கீழே வைத்துவிட்டார். “பழம்பொருளைத் திருப்பி எடுப்பதில்லை” என்கிறார் விற்றவர். (முனிர்கா)

ப: அம்மா, இதைப் படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. பணம் போனது இருக்கட்டும், அந்த ஸ்பேனரைக் கீழே வைத்த நிமிஷத்தை யார் திருப்பித் தருவது?

இந்த அம்பு முத்திரை விவகாரத்தை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக இருந்தேன். காக்கைக் கால் போல மூன்று கோடு. பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து என்று அர்த்தம். நம் ராணுவ வண்டிகளின் நம்பர் பிளேட்டில் இன்றும் அந்த அம்பு உண்டு. அதனால் இரும்பில் ஓர் அம்பைப் பொறித்தால் விலை மூன்று மடங்கு. லென்ஸ் வைத்துப் பாருங்கள். புதிதாக உளி வைத்து அடித்த கோட்டின் ஓரத்தில் உதடு மாதிரி பிதுங்கியிருக்கும். பள்ளத்துக்குள் இரும்பு பளிச்சென்று இருக்கும். மூன்று கோடும் மூன்று ஆழத்தில் இருந்தால் தனித்தனியாக அடித்தது. கோடு துருக் குழியின் மேல் ஏறிப் போயிருந்தால் துரு முதலில் வந்தது, முத்திரை அப்புறம் வந்தது. சரி, அம்பு நிஜமாகவே இருந்தாலும், அமெரிக்காவிலிருந்து ஜீப்போடு வந்த டூலில் அது இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் தண்டம் அழுதவன். “பர்மா போரில் ஓடிய ஜீப்பின் மண்வெட்டி” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் 1,800 ரூபாய்க்கு மடக்கு மண்வெட்டி வாங்கினேன், அம்பு முத்திரையோடு. வீட்டில் வந்து பார்த்தால் கைப்பிடியில் விலைச்சீட்டைக் கிழித்த பசை. போர்க்கால ஜீப்பின் இடப்பக்கம், கோடரியோடு சேர்த்து மாட்டியிருந்தது மடங்காத முழு மண்வெட்டி.

உங்களுக்கு வழி இருக்கிறது. அவர் தொழிலாக விற்பவர், ‘ஒரிஜினல்’ என்று எழுதி விற்றிருக்கிறார். அந்த விளம்பரம், சாட், பணம் அனுப்பிய ரசீது மூன்றையும் உடனே சேமியுங்கள். முதலில் 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். மசியாவிட்டால், 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே ஆணையத்தில் புகார் போடலாம். இரண்டு வருஷ அவகாசம் உண்டு. பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. லென்ஸ் பார்க்கிற வேலையை அப்பாவிடம் கொடுங்கள்.

கே: ராணுவ ஏலத்தில் வண்டி எடுத்தேன். படத்தில் இருந்த ஜாக்கி வண்டியில் இல்லை. (துவாரகா)

ப: ‘உள்ளது உள்ளபடி’ என்ற ஏல நிபந்தனையில் கையெழுத்துப் போட்டது நீங்கள்தானே? ஜாக்கியைக் கடையில் வாங்குங்கள்.

கே: சீட்டுக்கு அடியில் பழைய திசைகாட்டி. எண்கள் இருட்டில் ஒளிரவில்லை, அதனால் ரேடியம் போயிருக்கும் என்று மகன் கண்ணாடியைக் கழற்றப் பார்க்கிறான். (ஆர்.கே. புரம்)

ப: கையைத் தட்டிவிடுங்கள். போனது ஒளிர்கிற பூச்சின் சக்தி. கதிர்வீச்சு வீசுகிற ரேடியம் இருந்தால் அது அங்கேயேதான் இருக்கும். பாதியாகக் குறையவே 1,600 வருஷம் ஆகும். சுரண்டினால் தூள் மூச்சில் போகும். கண்ணாடியோடு பையில் போட்டு மூடி வைத்து, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு எழுதிக் கேளுங்கள். கபாடிவாலாவிடம் மட்டும் தள்ளிவிடாதீர்கள். 2010-ல் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக் கருவி ஒன்று ஏலத்தில் மாயாபுரிக்குப் போய், உள்ளே இருந்த கோபால்ட்-60 என்ற கதிர்வீச்சுப் பொருள் ஒரு தொழிலாளியின் உயிரைக் குடித்தது. அது இதைவிடப் பல மடங்கு வீரியமான சரக்கு. ஆனால் பிரித்தவர்களுக்கு எது எது என்று தெரியாது.

கே: டூல் பெட்டியின் அடியில் வெடிக்காத தோட்டா இரண்டு. பாலிஷ் போட்டு ஷோகேஸில் வைக்கலாமா? (லட்சுமிபாய் நகர்)

ப: தொடாதீர்கள். 112-க்குப் போன் போடுங்கள்.

கே: இரண்டு இடத்தில் வளைந்த கம்பி, நுனியில் குறுக்காக ஒரு முள். எதற்கு? (பஸ்சிம் விஹார்)

ப: பேட்டரி படுத்துவிட்டால் எஞ்சினைச் சுற்றிக் கிளப்புகிற ஹேண்டில். முன் பம்பரில் அதற்கான ஓட்டை இருக்கும். சுற்றும்போது கட்டைவிரலையும் மற்ற நாலு விரல் இருக்கிற பக்கமே வையுங்கள். எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தால் விரல் முறியும்.