முதலிரவைத் தள்ளிவைத்த தம்பதி

கேள்வி: எனக்கு வயது 26, கணவருக்கு 29. பெரியவர்கள் பார்த்து முடித்த திருமணம். நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் இடையில் ஆறே வாரங்கள்தான் இருந்தன. முதலிரவில் என் தயக்கத்தைக் கண்ட கணவர், “முதலில் நன்றாகப் பழகிக்கொள்வோம், அவசரம் ஒன்றும் இல்லை” என்றார். எனக்கும் அதுவே விருப்பமாக இருந்தது. நான்கு மாதங்கள் ஆகிவிட்டன. இரவில் வெகுநேரம் பேசிக்கொண்டிருக்கிறோம், சேர்ந்து வெளியே போகிறோம். தாம்பத்திய உறவு மட்டும் இன்னும் தொடங்கவில்லை. மாமியார் மாதந்தோறும் “தலைக்குக் குளித்தாயா?” என்று கேட்கிறார். இப்படியே இருந்தால் திருமணமே செல்லாது என்கிறாள் ஒரு தோழி. நாங்கள் செய்வது தவறா? எவ்வளவு காலம் இப்படி இருக்கலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: தவறில்லை. உங்கள் கடிதத்தில் கேள்வியைவிடக் குற்ற உணர்ச்சியே மிகுதியாகத் தெரிவதால், இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறு வாரங்களுக்கு முன்புவரை முகம்கூடத் தெரியாதிருந்த ஒருவருடன், ஊரே அறிய அலங்கரித்த அறையில், சோதிடர் குறித்துக் கொடுத்த நேரத்தில் உடலைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற எதிர்பார்ப்பே மிகக் கடுமையானது. அதை உங்கள் கணவர் அன்றே உணர்ந்துகொண்டார் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது.

மணமான அன்றே கூடிவிட வேண்டும் என்பது நம் பழைய வழக்கம் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் தொல்காப்பியக் கற்பியலுக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர், மணம் முடிந்த பின் மூன்று இரவுகள் கூட்டமின்றி, அதாவது உடலுறவின்றி, கழிய வேண்டும் என்றும் நான்காம் நாளுக்குப் பிறகே கூட்டம் என்றும் விளக்குகிறார். அந்த மூன்று இரவுகளும் திங்களுக்கும் கந்தருவருக்கும் அங்கி எனும் தீக்கடவுளுக்கும் உரியவை என்று அவர் கூறும் காரணத்தை, பெண்ணை ஒருவரிடமிருந்து ஒருவர் பெற்றுக்கொள்ளும் பொருளாக அது ஆக்கிவிடுவதால், என்னால் ஏற்க இயலவில்லை. ஆயினும் திருமணத்துக்கும் கூடலுக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கலாம் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். அதைவிட எனக்கு நெருக்கமானது நல்லாவூர் கிழார் பாடிய அகநானூற்றின் 86ஆம் பாடல். மணநாள் இரவில் புத்தாடைக்குள் ஒடுங்கிக் கிடக்கும் மணமகளின் முகத்திரையைத் தலைவன் விலக்க, அவள் அஞ்சிப் பெருமூச்சு விடுகிறாள். அப்போது அவன், உன் நெஞ்சில் நினைத்ததை மறைக்காமல் சொல் என்று கேட்கிறான். அச்சத்தைக் கண்டதும் நின்று கேட்ட அந்தத் தலைவன் செய்ததைத்தான் உங்கள் கணவரும் செய்திருக்கிறார்.

சட்டத்தைப் பற்றி உங்கள் தோழி சொன்னது சரியில்லை. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில், எதிர்த்தரப்பினரின் ஆண்மைக் குறைவு அல்லது உடலுறவுக்கு இயலாமை காரணமாக உறவு நிகழாதபோது, திருமணத்தை ரத்து செய்யக் கோரி நீதிமன்றத்தை அணுகலாம் என்ற பிரிவு இருக்கிறது. இருவரும் மனமொத்துத் தள்ளிவைத்திருப்பதால் மட்டும் ஒரு திருமணம் தானாகச் செல்லாததாகிவிடாது. ஒருவர் மட்டும் தக்க காரணமின்றி நெடுங்காலம் உறவை மறுத்துவந்தால் அது மனரீதியான கொடுமையாகக் கருதப்படலாம் என்று உச்ச நீதிமன்றம் 2007இல் ஒரு வழக்கில் கூறியிருக்கிறது. உங்கள் நிலை அதுவன்று. ஆனால் அந்தத் தீர்ப்பிலிருந்து நீங்கள் இருவரும் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு: முடிவு இருவருடையதாகவே நீடிக்க வேண்டும்.

“எவ்வளவு காலம்?” என்ற கேள்விக்கு மாதக் கணக்கில் என்னால் விடை தர இயலாது. முதலிரவில் எடுத்த முடிவைப் பற்றி அதன் பிறகு நீங்கள் இருவரும் பேசியிருக்கிறீர்களா என்பது கடிதத்தில் இல்லை. எனக்குக் கவலை தருவது அது ஒன்றுதான். காத்திருப்பவர்கள் நாளடைவில் அதைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிடுவதுண்டு. அவள் இன்னும் தயாராகவில்லை போலும் என்று அவரும், அவருக்கு என்மீது விருப்பமில்லையோ என்று அவளும் தனித்தனியே எண்ணிக்கொண்டு ஒரே கட்டிலில் படுத்திருப்பார்கள். ஆகவே இப்போது எப்படி உணர்கிறீர்கள், அணைப்பும் முத்தமும் எந்த அளவுக்கு இதமாக இருக்கின்றன, எது வேண்டாம் என்பதை வெளிப்படையாகப் பேசுங்கள். உறவு வேண்டாம் என்பதற்காகத் தொடுதலையும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஒருவர் தயாராகி மற்றவர் தயாராகவில்லை என்றால் தயாராகாதவரின் சொல்லே நிற்க வேண்டும். தயாராக இருப்பவரின் ஏக்கத்தையும் குறை சொல்லாமல் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உங்கள் தயக்கம் பழகப் பழகக் குறைந்து வருகிறதா, அல்லது நெருங்கும்போதெல்லாம் உடல் இறுகி நடுக்கமும் வலியும் வருகின்றனவா என்பதையும் கவனியுங்கள். பின்னது என்றால் அது இறைவன் இட்ட குறையும் இல்லை, உங்கள் பிடிவாதமும் இல்லை. பெண்ணுறுப்பைச் சுற்றியுள்ள தசைகள் தாமாக இறுகிக்கொள்ளும் இந்த நிலைக்குத் தசைப் பயிற்சியும் மனநல ஆலோசனையும் சேர்ந்த சிகிச்சை உண்டு, பெரும்பாலோர் நலமடைகிறார்கள். மகப்பேறு மருத்துவரிடம் தயங்காமல் செல்லுங்கள், கணவரையும் அழைத்துச் செல்லுங்கள். உங்கள் கணவருக்கு ஏதேனும் அச்சமோ உடல்சார்ந்த தயக்கமோ இருந்தாலும் இதே வழிதான். “அவசரம் ஒன்றும் இல்லை” என்ற சொல்லுக்குப் பின்னால் தம் அச்சத்தை மறைத்துக்கொள்ளும் ஆண்களும் உண்டு என்பதால் இதைச் சொல்கிறேன். உங்கள் கணவர் அப்படித்தான் என்று சொல்லவில்லை.

மாமியாரின் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். சொல்ல வேண்டியவர் அவருடைய மகன். “குழந்தையைப் பற்றி நாங்களே சொல்லும்வரை அவளிடம் கேட்காதீர்கள் அம்மா” என்று அவர் ஒருமுறை உறுதியாகச் சொன்னால் போதும். படுக்கையறை விவரம் எதையும் அவர் வெளியிட வேண்டியதில்லை. பாதுகாப்பு முறைகள் எதுவுமின்றி ஓராண்டு தொடர்ந்து உறவு கொண்டும் கருத்தரிக்காவிட்டால்தான், 35 வயதைத் தாண்டிய பெண் என்றால் ஆறு மாதங்களில், மருத்துவர்கள் குழந்தைப்பேற்றுக்கான பரிசோதனையைப் பரிந்துரைப்பார்கள். அந்த ஓராண்டு தாலி கட்டிய நாளிலிருந்து தொடங்குவதில்லை. வீட்டார் வற்புறுத்தலுக்காகக் கருத்தரிப்பு மையம் செல்ல நேர்ந்தாலும், உறவு இன்னும் தொடங்கவில்லை என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மறைத்தால் தேவையற்ற ஊசிகளும் மருந்துகளும் உங்கள் உடலுக்குத்தான் வந்து சேரும்.

கேள்வி: எனக்கு நிச்சயம் ஆகிவிட்டது, தை மாதம் திருமணம். நாங்கள் இரண்டு ஆண்டுகளாகக் காதலிக்கிறோம். உடலுறவு திருமணத்துக்குப் பிறகுதான் என்கிறாள் அவள். உண்மையான அன்பு இருந்தால் இப்படிச் சொல்வாளா என்று நண்பர்கள் கேட்கிறார்கள்.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தமக்கு வேண்டியதைத் தெளிவாகவும் அச்சமின்றியும் உங்களிடம் சொல்ல முடிகிறது என்றால், அவர் உங்களை நம்புகிறார். அன்பை உடலால் நிரூபிக்கச் சொல்லும் நண்பர்களின் பேச்சை அவரிடம் கொண்டுபோகாதீர்கள். அவருடைய முடிவை நீங்கள் ஒருமுறை சரி என்று ஒப்புக்கொண்ட பிறகு, அதே கேள்வியை வேறு வேறு சொற்களில் திரும்பத் திரும்பக் கேட்பதும் வற்புறுத்தல்தான். திருமணம் முடிந்த அன்றே எல்லாம் தொடங்கிவிட வேண்டும் என்றும் எண்ணிக்கொள்ளாதீர்கள். அன்றும் அவருடைய சம்மதத்தைக் கேட்டே தொடங்க வேண்டும். குழந்தை எப்போது வேண்டும், அதுவரை எந்தக் கருத்தடை முறை என்பதைத் தை பிறப்பதற்குள் இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.